ஜெயபுரத்தில் யூன் அம்மா கேட்ட சொல்

பத்து வருடமாகக் கொரியாக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மேலாளர்களாக வருகிறவர்கள், அவர்களுடைய மனைவிமார், அவர்களைப் பார்க்க வந்து அப்படியே தங்கிவிடும் அம்மாக்கள் என்று மூன்று வகை உண்டு. யூன் அம்மா மூன்றாவது வகை. வயது அறுபத்திரண்டு. மகன் வீட்டில் இருந்துகொண்டு வாரம் மூன்று நாள் வருவார். தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசுவார், ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு புதுச் சொல். இரண்டாவதைச் சொல்லிக்கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ஒன்றைப் பழகி முடிக்காமல் அடுத்ததைத் தொடுவது கழுவாத தட்டில் சோறு போடுகிற மாதிரி என்பது அவர் கட்சி.

ஒரு நாள் வந்ததும் வராததுமாக, மனம் நோகாமல் மறுப்பதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் வேண்டும் என்றார். எதை மறுக்க என்று கேட்டேன். ஒரு கல்யாணத்தை என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய மகள் கொரியாவில் ஒரு துறைமுக ஊரில் நர்ஸ். அதே ஊரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் நிர்மலன் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. பையன் இலங்கைத் தமிழன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஜெயபுரம் அவன் ஊர். பையனை யூன் அம்மா இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையாம். ஆனால் அவனை வளர்த்தவரைப் பார்க்காமல் பதில் சொல்லமாட்டேன் என்று நின்றுவிட்டார். அம்மா சம்மதிக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று மகளும் சொல்லிவிட்டாள். பையனுக்கு அப்பா இல்லை. ஜெயபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆகவே நடுவில் நான்.

'கன்சிடர்' என்ற சொல்லைக் கொடுத்தேன். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், யாருக்கும் முகம் வாடாது. கொரியாக்காரர்களுக்கு 'சி' எப்போதும் 'ஷி' ஆகிவிடும். ஜெயபுரத்துக்குக் கிளம்பிய அன்று விமானத்தில் முழு நேரமும் 'கன்ஷிடர், கன்ஷிடர்' என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பையனின் அம்மாவை நினைத்து அப்போதே சங்கடமாக இருந்தது. பார்க்கப் போகிறவர் மறுக்கிற சொல்லோடு வருகிறார் என்று அவருக்குத் தெரியாதே.

முதல் நாள் கிளிநொச்சியில் எங்களுக்கு வாய்த்த ஓட்டோக்காரர் நஸீர். முல்லைத்தீவுக்காரர். சண்டைக் காலத்தில் புத்தளத்தில் கிடந்து வளர்ந்து, பிறகு ஊருக்குத் திரும்பியவர். யூன் அம்மாவைக் காட்டி, சீனாவா என்று என்னிடம் கேட்டார். வழியில் தேநீர் குடித்த கடையிலும் அதையே கேட்டார்கள். என்னை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடுகிறதாம். நான் டிவி நாடகத்தில் வருகிறவர்கள் மாதிரிக் கதைக்கிறேன் என்று நஸீர் சொன்னார். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பத்து நிமிடம் பயணம் செய்தால் நூறு ஹாரன் காதில் விழும். இங்கே இரண்டு பக்கமும் வயலும் பற்றைக்காடுமாக ரோடு நீண்டுகொண்டே போனது. எதிரே ஒரு வண்டி வந்தால் அதுவே செய்தி. இப்படிப்பட்ட இடத்தில் பார்த்து ஓட்டோவின் முன்சக்கரம் காற்றுப் போனது. மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. நஸீர் அதை ரொம்ப அமைதியாக அறிவித்துவிட்டு மர நிழலில் போய் நின்றார். பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். வாறநேரம் வரும் என்றார்.

அரை மணி கழித்து உரப்பைகளோடு ஒரு லாண்ட்மாஸ்டர் வந்தது. நீளக் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற இரண்டு சக்கர உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி. இதில் இந்த அம்மாவை எப்படி ஏற்றுவது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே யூன் அம்மா உரப்பை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் பிறந்த கிராமத்தில் எல்லா வீட்டிலும் இதே வண்டிதானாம். பள்ளிக்கூடம், சந்தை, அவருடைய கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதில்தான் போனாராம். சென்னையில் ஏசி காரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருகிற மனுஷி, அந்தக் குலுக்கலில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

தவமணி அக்கா வேலிக் கதவான படலையடியில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த, நிமிர்ந்த உருவம். நிர்மலனின் அம்மா இவர்தான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, போட்டோவில் பார்த்த அதே நெற்றி. "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று கதிரைகளைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். யூன் அம்மா உட்காரவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, இவருக்கு என்ன வயது என்று கேள் என்றார். வந்த இடத்தில் வாசலிலேயே வயதைக் கேட்பதா என்று எனக்குக் கூச்சம். ஆனால் கொரியாக்காரர்களுக்கு அது தெரியாமல் வாய் வராது. யார் பெரியவர் என்று தெரிந்தால்தான் எப்படிப் பேசுவது என்று முடிவாகும். கேட்டேன். தவமணி அக்காவுக்கு அறுபத்தைந்து. மூன்று வயது மூத்தவர்.

அந்த மூன்று வயது மத்தியானம் பெரிய வில்லங்கமாகிவிட்டது.

சாப்பாடு தடபுடல். சிவப்பரிசிச் சோறு, பூநகரி இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், தேங்காய்ப்பாலில் தண்ணீர் மாதிரி வைக்கிற சொதி, பொரித்த குளத்து மீன். அந்த மீனுக்கு இங்கே ஜப்பான் மீன் என்று பெயர். ஒரு கொரியாக்காரரிடம் அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். தவமணி அக்கா எங்களுக்குப் பரிமாறிவிட்டு அகப்பையோடு நின்றார். யூன் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நிமிடங்கள் போயின.

பெரியவர் முதல் வாய் வைக்காமல் சின்னவர் சாப்பிடக்கூடாது என்பது யூன் அம்மா ஊர் வழக்கம். விருந்தாளி வயிறு நிறையாமல் வீட்டுக்காரி சாப்பிடக்கூடாது என்பது தவமணி அக்கா வழக்கம். இரண்டையும் இரண்டு பக்கமும் விளக்கினேன். இரண்டு பேரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. எனக்கு விடிகாலையில் குடித்த காப்பியோடு சரி. பசி தாங்காமல் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே நின்றது.

அப்போது தவமணி அக்காவுக்கு ஏதோ ஞாபகம் வந்து குசினிக்குள் போனார். வாழையிலைத் துண்டில் கொஞ்சம் சோறும் கறியும் எடுத்துவந்து வேலியோரத்தில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார். இவ்வளவு பரபரப்பில் அதை மறந்துவிட்டிருக்கிறார். காகம் வந்து கொத்தியது. யூன் அம்மா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார். செத்துப்போன பெரியவர்களுக்கு என்றேன். சுவரில் மாலை போட்ட படத்தில் இருந்தவரைக் காட்டி, அவருக்குமா என்றார். ஓம், அவருக்கும்தான் என்றார் தவமணி அக்கா. நிர்மலனின் அப்பா, கடைசிச் சண்டையில் போனவர்.

யூன் அம்மா ஊரிலும் வயலில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கரண்டிச் சோற்றை வெளியே எறிவார்களாம். அதைச் சொல்லிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய், மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி இரண்டு தடவை விழுந்து வணங்கினார். இந்த வீட்டில் பெரியவர் அவர்தான், அவர் சாப்பிட்டாயிற்று, இனி நாம் சாப்பிடலாம் என்றார். இதை நான் தமிழில் சொன்னதும் தவமணி அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். விருந்தாளியோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது தன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று பிறகு என்னிடம் சொன்னார். வெளிநாட்டவருக்கு என்று உறைப்பைக் குறைத்துச் சமைத்திருந்தார் பாவம். யூன் அம்மா பொரித்த மோர் மிளகாயைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் கடித்தார்.

இரண்டாம் நாள் காலையில் வயலுக்குப் போனோம். தவமணி அக்காவின் வயல் இரண்டு ஏக்கர், கதிர் வெளியே வருகிற பருவம். யூன் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, ஒரு பயிரைப் பிடித்து எத்தனை கிளை என்று எண்ணினார். பிறகு பயிருக்குள் ஒளிந்திருந்த களையைச் சரியாகப் பார்த்துப் பிடுங்கினார். பார்த்துக்கொண்டே நின்ற தவமணி அக்காவும் இறங்கினார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து களை பிடுங்கினார்கள். நான் வரப்பில் குடையோடு நின்றேன். என்னை ஒருவரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு நெல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போது "இன்னொரு மீன் வைக்கட்டோ?" என்று தவமணி அக்கா கேட்டார். யூன் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஐ வில் கன்ஷிடர்' என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதற்காக அவ்வளவு பாடுபட்டுப் பழகினாரோ, அந்தச் சொல்லை ஒரு மீனுக்குச் செலவழித்துவிட்டார். இனி நல்ல பதில்தான் என்று எனக்குள் ஒரு தைரியம் வந்தது. நான் யாருக்கும் தரகர் இல்லை, ஆனாலும் இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் மனசார விரும்பினேன்.

பின்னேரம் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுத் தவமணி அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கொஞ்ச நேரம் சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதை அவவுக்கு விளங்கச் சொல்லவேணும். மகன் சொல்லவேண்டாம் எண்டுதான் சொன்னவன். ஆனால் மறைச்சுப் பொம்பிளை எடுக்கேலாது. அவன்ர நாரிக்கு மேல ஒரு செல் துண்டு கிடக்கு. சின்னனில பட்டது. எடுக்கப் போனா நரம்புக்குப் பிழைவரும் எண்டு டொக்டர்மார் விட்டிட்டினம். குளிருக்கு இழுக்கும். வாய் திறந்து சொல்லான்."

நாரி என்றால் இடுப்பு, செல் என்றால் எறிகுண்டு. முதுகில் உலோகத் துண்டோடுதான் அந்தப் பையன் கொரியாவின் பனியில் நின்று வெல்டிங் செய்கிறான். அதைக் கேட்டும் எனக்குள் இருந்த கள்ளப்புத்தி வேலை செய்தது. நேற்றிலிருந்து எல்லாம் நல்லபடி போகிறது, இதைப் போட்டு ஏன் உடைக்க வேண்டும்? யூன் அம்மாவிடம், பையனுக்குச் சின்ன வயதில் முதுகில் ஏதோ அடி பட்டதாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் 'ஓ' என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

தவமணி அக்காவுக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லும் தெரியாது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, யூன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் முழுக்கச் சொல்லேல்ல, தங்கச்சி."

வெட்கமாகப் போய்விட்டது. முழுவதையும் சொன்னேன். ஷ்ராப்னெல் என்ற சொல்லுக்கு வந்ததும் யூன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அது என்ன என்றார். பத்து வருடத்தில் கொரியாக்காரர் ஒருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்காத சொல். பாடப்புத்தகத்தில் பழம் உண்டு, விமான நிலையம் உண்டு, தலைவலி உண்டு, இது கிடையாது. குண்டு வெடிக்கும்போது சிதறுகிற இரும்புத் துண்டு, அது உடம்புக்குள் போனால் இந்தப் பெயர் என்று விளக்கினேன். எழுத்துக்கூட்டச் சொல்லி நோட்டில் எழுதினார். போனில் தட்டிக் கொரிய மொழியில் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. தவமணி அக்காவும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னொன்றையும் சொல்லச் சொன்னார். காந்தத்தில் வைத்து எடுக்கிற ஸ்கான் அவனுக்கு எடுக்கவே கூடாது, மகள் நர்ஸ் என்பதால் அவளுக்கு இது கட்டாயம் தெரியவேண்டும்.

மகனின் கல்யாணம் போனாலும் போகட்டும் என்று ஒரு தாய் இப்படி வாயைத் திறப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியைக் கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போட்டோ அனுப்புவார்கள்.

யூன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். எந்தப் பக்கம்?

நான் தமிழில் சொல்வதற்குள் அவர் எழுந்து தவமணி அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். தவமணி அக்கா எழுந்து, அவருடைய முதுகெலும்புக்கு இடது பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே பெருவிரலை வைத்து அழுத்தினார். யூன் அம்மா பின்னால் கையை விட்டுத் தானும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நோட்டில் ஒரு முதுகை வரைந்து புள்ளி வைத்தார். அதன் பிறகு அன்றைக்கு அந்தப் பேச்சே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் தவமணி அக்கா எதையும் வற்புறுத்தி வைக்கவில்லை. சொன்னது நல்லதா என்று என்னிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கிளம்பினோம். நஸீர் புதுச் சக்கரத்தோடு வந்தார், இரண்டு தடவை அதைக் காலால் தட்டிக் காட்டினார். இரணைமடுக் குளத்தைக் காட்டாமல் அனுப்பமாட்டேன் என்று தவமணி அக்காவும் ஏறிக்கொண்டார். மூன்று பேர், இரண்டு பை, ஒரு சாக்குத் தேங்காய் என்று பின்சீட்டில் நசுங்கிக்கொண்டு போனோம்.

குளம் என்று சொன்னதால் எங்கள் ஊர்க் கோயில் குளத்தை நினைத்துக்கொண்டு போனேன். அணைக்கட்டில் ஏறினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். நடுவில் வள்ளங்களில் மீன் பிடிக்கிறார்கள். அணைக்கு இந்தப் பக்கம் வாய்க்காலில் வயல்களுக்குத் தண்ணீர் ஓடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்காரியான எனக்கே மூச்சு வாங்கியது. யூன் அம்மா தண்ணீரைப் பார்க்காமல் வாய்க்கால் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் கொறிக்கக் கச்சான் வாங்கி வாறன் என்று தவமணி அக்கா அணைக்கட்டில் நின்ற தள்ளுவண்டிக்குப் போனார். கச்சான் என்பது வறுத்த வேர்க்கடலை.

அவர் அந்தப் பக்கம் போனதும் யூன் அம்மா நோட்டை எடுத்தார்.

"டீச்சர், இன்றைக்கு ஒரு சொல் வேண்டும். என் மகளுக்கு அந்த அம்மா மாமியார். அதற்குச் சொல் எனக்குத் தெரியும். என் மகளுடைய மாமியார் எனக்கு என்ன?"

இங்கிலீஷில் அதற்கு ஒரு சொல் இல்லை. இத்தனை வருடம் அந்தப் பாஷையில் சோறு தின்கிறேன், இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கல்யாணம் முடிந்தால் இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் கூப்பிடத் தேவையில்லை என்று இங்கிலீஷ்காரர்கள் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சுற்றி வளைத்து விளக்கலாம், கூப்பிட முடியாது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் என்ன கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கல்யாணம் இல்லையென்றால் அந்தச் சொல் அவருக்கு எதற்கு?

கொரிய மொழியில் உண்டா என்று கேட்டேன். உண்டு, சாதோன் என்றார். தமிழிலும் உண்டு என்றேன். எங்கள் பக்கம் சம்பந்தி என்போம், இங்கே சம்மந்தி என்று சொன்னால் போதும். அவர் நோட்டில் கொரிய எழுத்தில் எழுதிக்கொண்டு, உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். சரியா என்று என்னைக் கேட்டார். சரி என்றேன்.

தவமணி அக்கா காகிதத்தில் சுற்றிய கச்சான் சரையோடு வந்தார். யூன் அம்மா நேராக நின்று, இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தார்.

"சம்மந்தி."

தவமணி அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்களோ சொல்லச் சொன்னது?"

"இல்லக்கா. அவங்க கேட்டாங்க. நான் சொல்லிக் கொடுத்தேன்."

"தானாக் கேட்டவவோ?"

"தானாகத்தான்."

கச்சான் சரையை என் கையில் திணித்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யூன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். பிடித்த பிடியில் யூன் அம்மாவின் நோட்டு கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.

"பிள்ளையின்ர பேரை ஒருக்கால் சொல்லச் சொல்லுங்கோ" என்றார் தவமணி அக்கா. "மகன் சொன்னவன்தான். முடிவாகிறதுக்கு முன்னம் வாயில எடுக்கப் பயத்தில அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இனிப் பிழையாக் கூப்பிடக்கூடாது."

யூன் அம்மா சொன்னார், ஹே-ஜின். தவமணி அக்கா ஏசின் என்றார். யூன் அம்மா தலையை ஆட்டி மறுத்து, மறுபடி மெதுவாகச் சொன்னார். வகுப்பில் நான் அவரிடம் காட்டுகிற கண்டிப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அவ்வளவு கறார். பஸ் போய்விடப் போகிறது என்று நஸீர் ஓட்டோவிலிருந்து கூப்பிட்டார். பொறுங்கள் என்று கை காட்டினேன். நான்காவது தடவையில் 'ஹே' சரியாக வந்துவிட்டது. 'ஜின்' இன்னும் வரவேண்டியிருந்தது.